ஜப்பான் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கதை

1. ஸ்டூலோடு வந்தவர்

ஹயாஷியை முதலில் பார்த்தபோது தறி பொருத்த வந்த ஆள் என்றுதான் நினைத்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. பெங்களூரில் எங்கள் மில்லில் ஜப்பான் தறிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன, கூடவே அந்த ஊர் இன்ஜினீயர்களும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் இவர் கையில் ஸ்பானர் இல்லை. ஒரு வைக்கோல் தொப்பி, ஒரு மடக்கு ஸ்டூல், துணியில் சுற்றிய இரண்டு கத்தரிக்கோல். இவற்றோடு கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்று எதிரே இருந்த காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிவில் டிபார்ட்மெண்டில் வொர்க் இன்ஸ்பெக்டர். எஸ்டேட் மேனேஜர் ராவ் என்னைக் கூப்பிட்டார். "ஏகாம்பரம், இவரு தோட்டம் போட வந்திருக்காரு. நீ கூடவே இரு. என்ன கேட்டாலும் கொடு. ஆனா என்னைக் கேட்காம எதையும் கொடுக்காதே" என்றார். ராவ் போடும் உத்தரவுகள் எல்லாமே இந்த ரகம்தான்.

எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மரமண்டியில் உருது, ஆபீசில் ஓட்டை இங்கிலீஷ். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்ததாக ராவ் சொன்னார். எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதே என்றேன். அவருக்கும் நம்ம பாஷை தெரியாது, கணக்கு சரியாப்போச்சு என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். முதலாளி தறி வாங்க ஜப்பான் போயிருந்தபோது அங்கே ஒரு விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கிறார். அதன் பின்னால் ஒரு தோட்டம். ஊர் திரும்பியும் அது அவர் மனசை விட்டுப் போகவில்லை. நம் கெஸ்ட் ஹவுஸ் முன்னாலும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தறிக் கம்பெனிக்கு எழுதிப்போட, அவர்கள் இந்த மனுஷரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

2. ஒன்றும் நடக்காத வேலை

வந்த புதிதில் ஹயாஷி செய்த வேலை உட்காருவது. காலையில் வராந்தாவின் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மனையைப் பார்ப்பார். மத்தியானம் இன்னொரு மூலை. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு பார்ப்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பார்ப்பதைப் பார்ப்பேன். இதற்கு எனக்குச் சம்பளம் வேறு.

ராவுக்குப் பொறுக்கவில்லை. பிளான் எங்கே என்று கேட்டார். ஹயாஷி ஒரு தாளை நீட்டினார். அதில் கோணல்மாணலாக ஏழெட்டு வட்டம். இதை வைத்து எஸ்டிமேட் போடுவது எப்படி என்று ராவ் என்னைக் கடிந்துகொண்டார், ஏதோ நான் வரைந்த மாதிரி. அவர் மனசில் இருந்த தோட்டமே வேறு. நடுவில் சிமெண்ட் கொக்கு, கொக்கு வாயிலிருந்து ஃபவுண்டன், முன்னால் சிவப்பு இலைச் செடியால் மில்லின் பெயர். முதலாளியோ தறிக் கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் சிவப்பு வளைவுப் பாலமும் ரோஜா நிறத்தில் பூத்த மரங்களும் இருந்தன. ஹயாஷி காலண்டரை இரண்டு கையாலும் வாங்கினார், தடவிப் பார்த்தார், "நைஸ் பேப்பர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மில் முழுவதும் சுற்றிக் காட்டினேன். அவர் நின்று ரசித்த ஒரே இடம், பழைய தண்ணீர் டாங்கின் பின்பக்கச் சுவர். டாங்கு ஒழுகி ஒழுகிச் சுவர் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. அதன் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றி நின்றார். விருந்தாளி ஒழுகலைப் பார்த்துவிட்டாரே என்று ராவுக்கு மானம் போய்விட்டது, மறுநாளே ஃபிட்டரை அனுப்பினார். ஹயாஷி ஃபிட்டரின் கையைப் பிடித்துத் தடுத்து, ஒழுகலை ஒழுகவிடும்படி கெஞ்சினார். ஒழுகுகிற டாங்குக்குப் பரிந்து பேசிய ஆளை என் சர்வீசில் அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

3. பித்தளை டோக்கன்

வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் கண்ணையன் மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி அவர் வீடு. கல் வேலை, மண் வேலை, சுண்ணாம்பு வேலை எல்லாம் எடுத்துச் செய்வார். ஆணும் பெண்ணுமாக ஒரு செட்டு அவரோடு எப்போதும் இருக்கும். அந்த செட்டின் கை படாத சுவர் எங்கள் மில்லில் கிடையாது. ஆனாலும் அத்தனை பேரும் தினக்கூலிதான். வேலை முடிந்தால் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும்.

மில்லில் நிரந்தரமான ஆட்களுக்கு நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்பார்கள். அதைக் காட்டினால் கேண்டீன் உண்டு, மில் ஆஸ்பத்திரி உண்டு, மேனேஜர் நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்பவும் முடியாது. முந்தின வருஷம் பாய்லர் அஸ்திவாரத்தில் கல் சரிந்து கண்ணையன் செட்டில் சின்னப்பனின் கால்விரல்கள் நசுங்கிவிட்டன. மில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பவுண்டர் முதலில் கேட்டது டோக்கன் நம்பர். இல்லை என்றதும் ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஜட்கா பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து கண்ணையனுக்கு ஒரே ஆசைதான். தன் செட்டு முழுவதுக்கும் டோக்கன் வாங்கிவிட வேண்டும்.

தோட்ட வேலை தொடங்கிய அன்று முதலாளியிடம் நேரிலேயே கேட்டுவிட்டார். முதலாளி சிரித்தபடி சொன்ன பதிலை நானும் கேட்டேன். "அந்த ஜப்பான்காரர் வாயாலே நல்ல வேலைன்னு ஒரு வார்த்தை வரட்டும் கண்ணையா. செட்டு பூராவுக்கும் டோக்கன் போட்டுடறேன்."

அதோடு கண்ணையன் ஹயாஷியின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார். பரீட்சை ரிசல்ட் பேப்பரைக்கூட யாரும் அப்படிப் படித்திருக்க மாட்டார்கள். கழுத்தைச் சொறிந்தால் பிடிக்கவில்லை, மூக்கை உறிஞ்சினால் பரவாயில்லை, தொப்பியைப் பின்னால் தள்ளினால் சந்தோஷம் என்று எனக்கே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

4. கல்லுக்கு முகம் உண்டு

முதல் நாளே நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று கண்ணையன் எட்டு மூலையும் மட்டம் பிடித்து, உளியால் பொளிந்த கற்களை லாரியில் கொண்டுவந்து அடுக்கினார். கண்ணாடி மாதிரி இருந்தன. ஹயாஷி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், கழுத்தைச் சொறிந்தார். அந்தக் கற்கள் கடைசிவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரத்தான் பயன்பட்டன.

பிறகு லாரியில் நாங்களே கல் தேடிக் கிளம்பினோம். மாகடி பக்கம், கோலார் ரோடு, ராமநகரத்துப் பாறைகள் என்று சுற்றாத இடமில்லை. உளி படாத கல் வேண்டும், வெயிலும் மழையும் தின்ற கல் வேண்டும். ராகிக் கொல்லை ஓரத்தில் கிடக்கும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, அதற்கு முகம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கல்லுக்கு முகம் உண்டு, முதுகு உண்டு, கால் உண்டு என்பது அவர் கட்சி. மாகடி பக்கத்தில் ஒரு கொல்லைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் இத்தனை ஆசையாகக் கேட்கிற கல்லுக்கு அடியில் புதையல் இல்லாமலா என்று. கல்லைக் கிளப்பியதும் அவரே குழிக்குள் இறங்கிக் கொத்தினார். ஒரு தேள் வந்தது. அதற்கப்புறம் கல்லைச் சும்மாவே எடுத்துப்போகச் சொன்னார்.

கல்லை நடுவது தனிக் கூத்து. முக்காலி நாட்டி, செயின் பிளாக்கில் கல்லைத் தூக்கிக் குழிக்கு மேல் தொங்கவிட்டால், ஹயாஷி வராந்தாவில் உட்கார்ந்து விரலை அசைப்பார். விரல் சுழன்றால் கொஞ்சம் திருப்பு. விரல் சரிந்தால் கொஞ்சம் சாய். இன்னும் கொஞ்சம். எங்கள் ஊரில் அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தையே 'கொஞ்சம்'தான். இரண்டாவது, கண்ணையனிடமிருந்து கற்ற 'ஐயோ'. இந்த இரண்டையும் வைத்தே ஒரு வருஷம் வேலை வாங்கினார்.

முதல் கல் இறங்கியபோது பாதிக்குமேல் மண்ணுக்குள் போய்விட்டது. ஹயாஷி தொப்பியைப் பின்னால் தள்ளினார். கண்ணையனுக்கு வயிறு எரிந்தது.

"இன்னா சார் இது? பாதிக் கல்லை மண்ணுல பொதைக்கிறதுக்கு, பாதிக் கல்லையே கொண்டாந்து இருக்கலாமே. சின்னப்பன் காலை வெச்சிகினு இம்மாம் பெருசைத் தூக்கினோமே" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். ஹயாஷி என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் அடியில் மண்ணைத் தொட்டுக் காட்டினார். மேலே வைத்த கல் வெளியிலிருந்து வந்த கல், புதைத்த கல் எப்போதும் இங்கேயே இருந்த கல் என்று புரிந்துகொண்டேன். கண்ணையனிடம் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்து, கல்லுக்கும் டோக்கன் வேணும்ங்கிறாரு, அவ்ளோதானே என்றார். அதைவிட நன்றாக நானும் சொல்லியிருக்க முடியாது.

5. மோர்

கற்கள் நின்றபின் நடுவில் மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி போட்டோம். செட்டுப் பெண்கள் ஜல்லியைக் கழுவிக் கழுவிக் கொட்ட, ஹயாஷி தானே செய்த மரச் சீப்பால் கோடு கோடாக வாரிவிடுவார். அது தண்ணீராம். முதலாளி வந்து தண்ணீர் எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். விட்டாச்சு என்று நான் சொன்னதும் சற்று நேரம் ஜல்லியையே பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம்தான் மோர் வந்தது. டாங்குச் சுவரிலிருந்து பாசியைச் சுரண்டி, மோரில் கரைத்து, கற்களின் நிழல் பக்கமாகப் பூசச் சொன்னார் ஹயாஷி. தேங்காய் மட்டையைத் தட்டிச் செய்த பிரஷ்ஷால் செட்டு பூசும். வெயில் நேரத்தில் பானை பானையாக மோரைக் கல்லுக்குக் கொடுப்பதைப் பார்த்து, மனுஷனுக்கு ஒரு டம்ளர் கிடையாதா என்று கண்ணையன் புலம்புவார். தூறல் விட்டதும் பூச வேண்டும். காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. பெங்களூர்க் குளிருக்குக் கேட்க வேண்டுமா, கற்கள் மெல்ல மெல்லப் பச்சை கட்டிக்கொண்டன. ஹயாஷி தினமும் காலையில் வந்து குனிந்து அந்தப் பச்சையை முகர்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் அவரோடு யாரும் பேச மாட்டோம்.

கண்ணையன் கணக்கு வேறு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது புரிய வேண்டுமே. அவர் தொழிலில் முதலில் சுவரைக் கழுவுவது, பிறகு தண்ணீர் காட்டுவது, பிறகு அடிப்பூச்சு, கடைசியில் ஃபினிஷிங் கோட். மோர் அடிப்பூச்சு. மேலே பச்சையாகப் பிடிப்பது, அடிப்பூச்சு நன்றாக ஊறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஜப்பானில் அடிப்பூச்சுக்கு இரண்டு வருஷம் விடுவார்கள் போலிருக்கிறது என்று அவர் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டார். கடைசிப் பூச்சு எது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயமாகவே ஒருவருக்கும் தோன்றவில்லை.

6. மெட்ராஸ் போய் வருவதற்குள்

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மந்திரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. அந்தச் சமயம் பார்த்து ஹயாஷியின் பாஸ்போர்ட் காகிதங்களுக்காக மெட்ராஸ் போக வேண்டி வந்தது. துணைக்கு நானும் போனேன். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, விழா அன்று காலை மெயிலில்தான் திரும்ப முடிந்தது.

மில் கேட்டுக்குள் கார் நுழைந்தபோதே எனக்குச் சுருக்கென்றது. மரங்களின் அடியெல்லாம் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கு மேல் காவிப் பட்டை. நடைபாதை ஓரக் கற்கள் வெள்ளை. கொடிக்கம்பத்து மேடை வெள்ளை. வாட்ச்மேன் உட்காரும் கல்கூட வெள்ளை. மந்திரி வருகிறார் என்றால் நம் ஊரில் நடப்பதுதான். அசையாத எதற்கும் சுண்ணாம்பு அடிக்கும்படி ராவ் உத்தரவு போட்டிருந்தார்.

கெஸ்ட் ஹவுஸ் திரும்பினோம். ஹயாஷியின் கற்கள் அத்தனையும் பளீரென்று வெள்ளையாக நின்றன. குறுக்கே ஒரு காவிக்கோடு. கற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு சாய்வு. ஆனால் காவிக்கோடு மட்டும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் வைத்துப் பிடித்ததுபோல் எல்லாக் கல்லிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. டியூப் லெவல் வைத்துத்தான் பிடித்திருந்தார்கள். புது முண்டாசு கட்டிக்கொண்டு, செட்டைப் பின்னால் வரிசையாக நிறுத்தி, கண்ணையன் எங்களை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

ஹயாஷி ஸ்டூலை விரித்தார். உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சைகை கண்ணையனின் பாடத்தில் இல்லை. அவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார், கோடு கோணலா கீதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாசிதான் கடைசிப் பூச்சு என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முண்டாசை அவிழ்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கலீஜா கீதே, மந்திரி முன்னாடி ஜப்பான் ஐயாவுக்குக் கெட்ட பேரு வந்துடுமேன்னுதான் சார் அடிச்சேன்" என்றார். 

அதற்குள் ராவ் வந்துவிட்டார். ஹயாஷியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கல்லைத் தொடச்சொல்லி உன்னிடம் யார் சொன்னது என்று கண்ணையன் மேல் பாய்ந்தார். விழா முடிந்ததும் செட்டு மொத்தமும் கேட்டுக்கு வெளியே, இனி இந்த மில்லில் கால் வைக்கக்கூடாது என்றார். அசையாத எதற்கும் என்று சொன்னவரே அவர்தான் என்பதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. டோக்கன் போயிற்று, கூலியும் போயிற்று என்று செட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பெண்களில் இரண்டு பேர் தேங்காய் நாரை எடுத்து ஒரு கல்லைத் தேய்த்தார்கள். சுண்ணாம்பு வந்தது. கூடவே பாசியும் தோல் தோலாக உரிந்து வந்தது. ஹயாஷி எழுந்து ஓடிவந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "நோ. ஸ்டாப்" என்றார். மற்ற கற்கள் அப்படியே இருக்கட்டும் என்று சைகை காட்டினார். பிறகு மரச் சீப்பை எடுத்து, எப்போதும் போல, அந்த வெள்ளைக் கற்களைச் சுற்றி ஜல்லியை வாரிவிட ஆரம்பித்தார்.

7. மந்திரி பார்த்தார்

பேண்டு வாத்தியத்தோடு மந்திரி வந்தார். முதலாளி கையைக் காட்டியபடி முன்னால் வந்தார். தோட்டத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். இரண்டு வருஷமாக அவர் முகத்தில் வராத சந்தோஷம் அன்று வந்தது.

"இப்பத்தான் தோட்டமாத் தெரியுது" என்றார் என்னிடம்.

மந்திரியும் தலையை ஆட்டினார். பஹள சென்னாகிதெ, ரொம்ப நன்றாக இருக்கிறது, எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். காவிக்கோட்டைக் காட்டி, ஜப்பானில் இப்படித்தானா என்று விசாரித்தார். ராவ் சட்டென்று முன்னால் வந்து, சுண்ணாம்பு யோசனை தன்னுடையதுதான் என்று பணிவோடு தெரிவித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கண்ணையனுடைய குற்றமாக இருந்தது, இப்போது ராவுடைய யோசனையாகிவிட்டது. கண்ணையன் கூட்டத்துக்குப் பின்னால் முண்டாசைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

முதலாளி ஹயாஷியின் பக்கம் திரும்பினார். டோக்கன் போடுவதாகத் தான் சொன்ன வார்த்தை அவருக்கே ஞாபகம் இருந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததா, மேஸ்திரி வேலை எப்படி என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லாரும் ஹயாஷியைப் பார்த்தார்கள்.  மோசம் என்று சொன்னால் ராவ் சொன்னபடி செட்டு வெளியே போகும். நன்று என்று சொன்னால், தன் இரண்டு வருஷத்து உழைப்பை அழித்த சுண்ணாம்பைத் தன் வேலை என்று ஒத்துக்கொள்வதாகும். நான் பார்த்தவரை அந்த மனுஷர் கல் விஷயத்தில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

ஹயாஷி கற்களைப் பார்த்தார். கண்ணையனைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"முடியலே. நல்ல மேஸ்திரி. மேஸ்திரி வேணும்."

இன்னும் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று முதலாளி கேட்டார். ஹயாஷி வானத்தைக் காட்டி, மழை என்றார். இன்னொரு மழை, இன்னொரு மழை என்று கையை அசைத்துக்கொண்டே போனார். முதலாளி என்னைப் பார்த்தார். இந்த மாதிரித் தோட்டத்தைக் கட்டி முடித்துவிட்டுப் போக முடியாது, வருஷா வருஷம் இதே ஆட்கள் கூட இருந்து வளர்க்க வேண்டும், ஆளை மாற்றினால் தோட்டம் நிற்காது என்கிறார் ஐயா என்றேன். ஹயாஷி எனக்குப் பலமுறை சொன்ன விஷயம்தான் அது. ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

மந்திரிக்கு வெயில் தாங்கவில்லை. பர்மனென்ட் மாடிபிடி, நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு டீ இருந்த பக்கம் நடந்தார். மந்திரி சொன்ன பிறகு முதலாளி என்ன செய்வார். அந்த வாரமே ராவ் கையெழுத்துப் போட்டார். சின்னப்பன் உட்படச் செட்டு முழுவதும் டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேண்டீனில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீ சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

8. ரயிலடியில்

சுண்ணாம்பு கரைவதற்கு முன்னாலேயே ஹயாஷி ஊருக்குக் கிளம்பும்படி ஆகிவிட்டது. கிளம்புகிறவரை தினமும் கண்ணையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாசியைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். வழியனுப்ப நான் மட்டும்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். கண்ணையன் வரவில்லை. தூறல் இப்போதுதான் விட்டிருக்கிறது, இந்த ஈரத்தில் மோர் பூசாமல் ரயிலடிக்கு வந்து நின்றால் ஜப்பான் ஐயாவே திட்டுவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டு ஹயாஷி தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

வண்டி கிளம்ப நேரம் இருந்தது. அன்றைக்கு முதலாளி கேட்டபோது உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். நிறைய வந்தது என்றார். பிறகு பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சொன்னார்.

"மேஸ்திரி போனா புது ஆள் வரும். புது ஆளுக்குத் தெரியாது. மேஸ்திரிக்கு இப்போ தெரியும்."

அதற்கப்புறம் நான் முப்பது வருஷம் சைட்டில் ஆள் வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். மட்டம் தப்பிச் சுவர் எழுப்பியவன், லைன் மாற்றிப் பைப் போட்டவன், தப்பான மரத்தை வெட்டிச் சாய்த்தவன் என்று எத்தனையோ பேர் என் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். வயிறெரியத் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒருவனையும் அதற்காக வேலையை விட்டு அனுப்பியதில்லை. இன்றைக்கு லேண்ட்ஸ்கேப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். ஒருத்தன் உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டான் என்றால் அவனைப் பழக்குவதற்கான விலையை நீங்கள் கொடுத்தாகிவிட்டது. அவனை அனுப்பினால் அதே விலையை இன்னொருவனுக்குக் கொடுப்பீர்கள்.

சில மழைக்காலம் கழித்துக் கற்கள் பழையபடி, ஏன், பழையதைவிடவும் நன்றாகப் பச்சை பிடித்தன. அப்போது டெல்லியிலிருந்து இன்னொரு பெரிய மந்திரி மில்லுக்கு வருவதாக இருந்தது. ராவ் சுண்ணாம்பு வேலையை வெளியாள் காண்ட்ராக்டரிடம் விட்டிருந்தார். நான் கெஸ்ட் ஹவுஸ் பக்கம் போனபோது வாளியும் பிரஷ்ஷுமாக ஆட்கள் நிற்க, தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் கண்ணையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ராவ் அதட்டிப் பார்த்தார். கல்லெல்லாம் கலீஜாக இருக்கிறது, எழுந்திரு என்றார்.

"இதான் சார் ஃபினிஷிங் கோட். இதும்மேல ஒண்ணும் அடிக்கக்கூடாது. அடிச்சுத்தான் ஆவணும்னா மொதல்ல என்மேல அடிங்க" என்றார் கண்ணையன்.

இப்போதே வெளியே அனுப்பிவிடுவேன் என்றார் ராவ்.  கண்ணையன் சட்டைக்குள் கையைவிட்டு, கயிற்றில் தொங்கிய பித்தளை டோக்கனை எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். ராவ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்களிடம் மரங்களுக்கு மட்டும் அடித்துவிட்டுப் போகச் சொன்னார்.